சத்தமில்லாத கம்ப்ரசர்

பெயிண்டர் கம்ப்ரசர் வாங்கப்போகிறார் என்பது தெரு முழுக்கத் தெரிந்து வெகு நாளாகிவிட்டது. கம்ப்ரசர்தான் வந்தபாடில்லை. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் மீசை அரும்பும் வயதில் நுழைந்து, மீசை நரைக்கும்வரை அங்கேயே இருந்தவர் அவர். முதலாளி பட்டறையை விற்றுவிட்டுப் போனதும், வீட்டு கராஜிலேயே கதவு, பம்பர் என்று சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்யலாம் என்று முடிவு கட்டினார். ஸ்பிரே கன் கையில் இருந்தது. அதற்குக் காற்றைக் கொடுக்க மிஷின்தான் இல்லை.

மலிவாக ஒன்றை வாங்கிப்போட்டு வேலையைப் பார்க்கவேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். கராஜுக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் தூங்குகிறவர் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ், நிரந்தர நைட் டியூட்டி. காலையில் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். அந்தத் தூக்கம் கெட்டால் ராத்திரி ஊசி போடுகிற கை நிதானமாக இருக்காது.

மனைவியின் தூக்கத்தைக் காப்பதில் பெயிண்டரை யாரும் குறை சொல்ல முடியாது. அழைப்புமணியின் வயரையே பிடுங்கிவிட்டிருந்தார். வீட்டுக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி நடப்பார். அப்படி நடந்துபோய் போனை எடுத்து, "மெதுவாப் பேசுங்க, அவ தூங்குறா!" என்று எதிர்வீட்டுக்காரரே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்துவார்.

டாக்டரிடம் காதைக் காட்டுங்கள் என்று மனைவி கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். "என் காதுக்கு என்ன கேடு? இப்பல்லாம் எவனும் வாயைத் திறந்து பேசுறதில்ல, முணுமுணுக்கிறானுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். இன்னொரு சண்டையும் உண்டு. நடுங்குகிற குளிர்காலத்திலும் ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டு, போர்வைக்குள் சுருண்டு படுப்பார். லீவு நாட்களில் பக்கத்தில் படுக்கிற மனைவிக்குப் பல் கிட்டிப்போகும். ஏன் என்று கேட்டால், "பழகிப்போச்சு" என்பார். அதோடு சரி.

கடைக்குப் பலமுறை போய், கடைசியில் இரண்டு மிஷின்களில் வந்து நின்றார். ஒன்று பெல்ட் ஓடுகிற சிவப்பு மிஷின், விலை கைக்கு அடக்கம். இன்னொன்று அதைவிடச் சின்னது. சத்தம் குறைவு என்று அட்டையில் போட்டிருந்தார்கள், விலையும் தூக்கல். பெயிண்டர் குதிரைசக்தி, பளபளப்பு எதையும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன ஸ்பிரே கன்னை மாட்டி, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காற்றழுத்தம் காட்டும் முள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, காற்று கசிகிறதா என்று பார்த்தார். இரண்டுமே பாஸ்.

"சார், சத்தம் வேணாம்னா சின்னதை எடுங்க. அதுக்குத்தான் அந்த விலை" என்றார் கடைக்காரர்.

"இதுவும் சத்தமில்ல, அதுவும் சத்தமில்ல. எங்க பட்டறை மிஷினுக்கு முன்னால இதெல்லாம் கொசு. சும்மா எதுக்குய்யா கூடக் குடுக்கணும்?"

வீட்டுக்கு வந்து இதையே மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் காலையில் டியூட்டி முடிந்ததும் அவர் வீட்டுக்கு வராமல், கணவரை வரச்சொல்லிவிட்டு நேராகக் கடைக்கே போய்விட்டார்.

சிவப்பு மிஷினை ஓடவிட்டதும் நர்ஸம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். பெயிண்டர் மட்டும், பார்த்தாயா என்கிற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்.

மிஷின் நின்றதும் நர்ஸம்மா, "என்னங்க, தெருப் பக்கம் திரும்பி நில்லுங்க. எது ஓடுதுன்னு பாக்காம சொல்லணும்" என்றார்.

"இதென்ன சின்னப்புள்ள விளையாட்டு?" என்று சிரித்தாலும் திரும்பிக்கொண்டார். கடைக்காரர் முதலாவதன் ஸ்விட்சைத் தட்டினார். "பெருசு." அதை நிறுத்தி அடுத்ததைத் தட்டினார். பெயிண்டர் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் யோசித்தார். "சின்னது. என்ன, பரீட்சை முடிஞ்சுதா?"

நர்ஸம்மா கண்ணைக் காட்ட, கடைக்காரர் அதையும் நிறுத்தி இரண்டு ப்ளக்கையும் பிடுங்கினார். நர்ஸம்மா உரக்கக் கேட்டார்: "இப்ப எது?"

"அதான் சொன்னேனே, சின்னதுதான்."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு. உய்ய்னு சன்னமா கேக்குதே."

சந்தேகம் தட்டித் திரும்பிய பெயிண்டர், கடைக்காரரின் கையில் தொங்கிய இரண்டு ப்ளக்கையும் பார்த்தார். ஏதோ பித்தலாட்டம் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன சத்தம்?"

நர்ஸம்மா கிட்டே வந்தார். "எப்பருந்து கேக்குது?"

"எப்பவுமே இருக்கறதுதானே? சத்தமே இல்லாதப்போ இப்படித்தானே இருக்கும்? உனக்குக் கேக்கல?"

"இல்லைங்க. யாருக்கும் கேக்காது."

பெயிண்டர் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பட்டறை மூடிவிட்டது, மிஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அது இன்னும் தன் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஃபேன் போடறது இதுக்குத்தானா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"அது போட்டா கொஞ்சம் அடங்கும். தூங்கிடுவேன்."

அந்த ஃபேனுக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறோம் என்று நர்ஸம்மா நினைத்துப்பார்த்தார். தன் தூக்கத்துக்காக மணியின் வயரைப் பிடுங்கிய மனிதர் எப்படித் தூங்குகிறார் என்று தான் ஒருநாளும் விசாரிக்கவில்லையே.

சின்ன மிஷினையே எடுத்தார்கள். கூடவே காதை மூடுகிற கவசம் ஒன்றையும் நர்ஸம்மா எடுத்து, கணவரின் தலையில் மாட்டிச் சரிபார்த்தார். "நாளைக்குக் காலையில காது டாக்டரைப் பாக்கப் போறோம்" என்றபோது, சண்டைக்கு வருவார் என்றுதான் எதிர்பார்த்தார்.

"நாளைக்கு நீ தூங்க வேணாமா?" என்று மட்டும் கேட்டார் பெயிண்டர்.

அன்று மாலை வெளியே நல்ல குளிர். டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸம்மா, பையை வாசலில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குத் திரும்பிப் போனார். அலமாரியிலிருந்து இன்னொரு போர்வையை எடுத்துக் கட்டிலில் போட்டார். ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.