மரத்தொப்பி இல்லாத சன்னல்

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் மழை யார்மேல் பெய்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். நனையாதவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. பிரிஜெட் டீச்சருக்குத் தோன்றியது. அதனால்தான் எழுபது வயதில் தினமும் தொம்மலூரில் பஸ் ஏறி வந்து, சிவாஜிநகரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் பக்கச்சுவரோரம், வெட்டவெளிக் கல்மேடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

கட்டடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மங்களூர் ஓடு. சன்னல்களுக்கு மேலே மரச்சட்டத்தில் செய்த சாய்ந்த தொப்பிகள். பெங்களூர்க்காரர்கள் ‘மங்கி டாப்’ என்பார்கள். வெயிலையும் சாரலையும் தடுக்க வெள்ளைக்காரர் காலத்தில் வந்த ஏற்பாடு. எல்லாச் சன்னலுக்கும் தொப்பி உண்டு. கிழக்குச் சுவரின் கடைசிச் சன்னலுக்கு மட்டும் இல்லை. அது மற்றவற்றைவிடத் தாழ்வானதும்கூட. வெளியே கல்மேடையில் உட்காரும் ஒரு பிள்ளையின் முழங்கை உயரம்தான்.

பிரிஜெட் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா ஆண்டனி சுரங்கத் தொழிலாளி. இந்தப் பள்ளியில் தையல் டீச்சராக வேலை கிடைத்தபோது, அப்பாவுக்குக் காட்ட ஆசையாக அழைத்து வந்தார். அவர் முன்வாசலில் ஏறவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னப்பா அங்க போய் உக்காந்துட்ட? உள்ள வா.”

“இதாம்மா என் கிளாசு.”

அன்றைக்குத்தான் சொன்னார். சின்ன வயதில் இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலாவது வரை படித்ததை, சேரிப் பிள்ளைகள் வெளியே உட்கார்ந்து சன்னல் வழியே பாடம் கேட்டதை. ஆண்டனி ஞானஸ்நானம் பெற்றவர்தான். தண்ணீர் தலையில் பட்டது, சாதியில் படவில்லை. மழை வந்தால் சிலேட்டில் எழுதியது அழிந்துபோகும். எழுதவில்லை என்று அடி விழும். வாத்தியார் கையால் தொடமாட்டார். அதற்கென்ன, பிரம்பு நீளமாக இருந்தது.

ஆண்டனி செத்துப்போனார். பிரிஜெட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டை ஆசிரியர் அறையில் சாப்பிடாமல், ஓய்வு பெறும் வரை அந்த மேடையில்தான் சாப்பிட்டார். மற்ற டீச்சர்கள் அதை அவருடைய கிறுக்கு என்று விட்டுவிட்டார்கள். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

போன மாதம் பழைய மாணவர் சங்கம் கட்டடத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தது. கூட்டத்துக்குப் பழைய டீச்சர்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“கடைசி சன்னலோட டாப் மட்டும் எப்பவோ விழுந்துபோச்சு போல. அதே டிசைன்ல புதுசா செஞ்சு மாட்டிடலாம் சார்” என்றார் வேலையை மேற்பார்வையிடும் இன்ஜினியர் சௌம்யா.

“விழலம்மா. வெக்கவே இல்ல” என்றார் பிரிஜெட். அப்பா சொன்னதையெல்லாம் சொன்னார்.

சௌம்யா ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். மற்ற சன்னல்களுக்கு மேலே மரம் செருகக் கல்லில் குழி இருந்தது. இதில் குழியே இல்லை.

சங்கச் செயலாளர் சுந்தரராமன் ஏணியை எடுக்கச் சைகை காட்டினார். பிறகு சொன்னார்: “டீச்சர், ஃபங்ஷனுக்கு ஃபாரின்லேர்ந்தெல்லாம் வர்றா. சும்னே இதெல்லாம் எதுக்கு? டாப்பே வேணாம். கல்லு வெச்சு அடைச்சு பூசிடலாம்.”

விழுந்துபோனது என்ற பொய்யை நம்பிய வரைக்கும் அந்தச் சன்னலுக்குப் புதுத் தொப்பி கிடைக்கவிருந்தது. உண்மை தெரிந்ததும் சமாதி. பாரம்பரியம் பாரம்பரியம் என்று மார்தட்டுகிறவர்களின் யோக்கியதை இவ்வளவுதான்: தூணைக் காப்பாற்றுவார்கள், சாட்சியைப் பூசி மறைப்பார்கள்.

பிரிஜெட் பீன்யாவில் இருக்கும் தம்பி யூஜினுக்குப் போன் செய்தார்.

“நீயும் வந்து உக்காருடா. ரெண்டு பேர் இருந்தா கல்லு வெக்க யோசிப்பாங்க.”

“அக்கா, என் பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கேன். நம்ம அசிங்கத்த நாமளே ஊருக்குக் காட்டணுமா? அடைச்சா அடைக்கட்டும் வுடு.”

“அசிங்கம் நம்முளுது இல்லடா. வெளிய உக்கார வெச்சவனுது.”

“உனக்கு வேற வேலையே இல்லக்கா” என்று யூஜின் போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பிரிஜெட் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அறுத்த கல் எதிரே அடுக்கிக் கிடக்கிறது. கொத்தனார்கள் வந்து பார்த்துவிட்டு, “அம்மா எழுந்ததும் பண்றோம்” என்று வேறு சுவருக்குப் போய்விடுகிறார்கள். சௌம்யா ஒரு நாள் காபி கொண்டுவந்து கொடுத்தார், பக்கத்தில் உட்காரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். நேற்று மழை பிடித்துக்கொண்டது. முன் தாழ்வாரத்தில் எல்லோரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பிரிஜெட் குடையை விரித்தார். சேலை நனைந்தது. ‘உள்ள வாங்க டீச்சர்’ என்று ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

அவரால் எத்தனை நாள் உட்கார முடியும்? ஒரு காய்ச்சல் போதும், சன்னலை அடைத்துவிடுவார்கள்.

அனுதாபம் வேண்டாம். கிளம்பி வாருங்கள். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். முன்வாசலில் ஏறாமல், ஆண்டனி போன வழியே சுற்றிக்கொண்டு போய் டீச்சர் பக்கத்தில் உட்காருங்கள். மேடையில் இடம் இருக்கிறது.