ஈரக் கரண்டி

இரும்பு வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியில் அவளைக் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை மட்டும் கேள்விப்பட்டு, கேன்டீனில் போய் அவளைத் தேடியவர்கள் உண்டு. அவளுடைய கரண்டி அவளைவிட உயரம். உலையில் உருகிக் கிடக்கும் இரும்பில் ஒரு வாய் மொண்டு, அச்சில் ஊற்றி, ஆறவைத்து லேபுக்கு அனுப்புவது அவள் வேலை. லேபில் அதை வாங்கிச் சோதித்துப் பார்ப்பவள் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு கண்ணாடி ஜன்னல்தான். அதன் வழியாக அவளை நான் பார்த்த அளவுக்கு என் வீட்டுக்காரரைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

கேட்க எளிதாக இருக்கும், மொண்டு ஊற்றுவதுதானே என்று. முதலில் உலைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தவேண்டும். பிறகு மேலே மிதக்கும் கசடை ஓரமாக ஒதுக்கவேண்டும். கரண்டியை நன்றாக அமிழ்த்தி, நடுவிலிருந்து எடுக்கவேண்டும். செம்பு அச்சில் ஊற்றினால் வட்டமாக ஒரு துண்டு கிடைக்கும். அதைக் காசு என்போம். அந்தக் காசைத் தேய்த்து நான் மெஷினில் வைத்தால், கார்பன் இவ்வளவு, சிலிக்கான் இவ்வளவு என்று அது சொல்லும். அது சொல்லும்வரை உலையில் இருக்கும் அத்தனை இரும்பும் காத்துக்கிடக்கவேண்டும். சுற்றிப் பார்க்க வரும் பெரிய மனிதர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதாவது, ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்!" என்று தாங்களே புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்கள். அக்கா முகத்தைத் திருப்பாமலே, "சோறு வெடிக்காது சார்" என்பாள்.

இரும்பு வெடிக்கும். கரண்டியில் துளி ஈரம் இருந்தால் போதும். ஈரம் இரும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஆவியாகும்போது, மேலே இருக்கும் இரும்பை வாரி இறைத்துவிடும். ஆனால் கரண்டியைத் தண்ணீரில் முக்காமலும் முடியாது. ஒவ்வொரு தடவை மொண்ட பிறகும் உள்ளே இரும்புத் தோல் ஒட்டிக்கொள்ளும். சூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் அது உரிந்து விழும். அதனால் உலை மேடையில் இரண்டு கொக்கிகள் இருந்தன, தூண் ஓரம் ஒன்று, உலை ஓரம் ஒன்று. தண்ணீரில் முக்கிய கரண்டியைத் தூண் பக்கத்துக் கொக்கியில் மாட்டவேண்டும். அதையே உலை வாயில் காட்டிக் காயவைத்த பிறகு உலைப் பக்கத்துக் கொக்கிக்கு மாற்றவேண்டும். அங்கே தொங்கும் கரண்டி காய்ந்த கரண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்தவன் யோசிக்காமல் உலையில் விடலாம்.

அக்காவின் வீட்டுக்காரர் அப்படித்தான் எடுத்தார், யோசிக்காமல் விட்டார். அவர்தான் அவளுக்கு முன்னால் அந்த மேடையில் கரண்டி பிடித்தவர். காய்ந்த கரண்டி தொங்கவேண்டிய கொக்கியில் ஈரக் கரண்டி தொங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பிக் கொண்டுவந்தது உடம்பைத்தான். மகள் அப்போது பேசவே ஆரம்பிக்கவில்லை.

நான் அதற்குப் பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் அந்த விசாரணையைப் பற்றி எனக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. அன்று காலையில் அதே கரண்டியை உலைக்காரரும் ஒரு தடவை எடுத்திருக்கிறார், கசடை வழித்தெடுக்க; வாளியிலும் முக்கியிருக்கிறார். உலையை ஓட்டுகிறவர் அவர், செத்துப்போனவருக்கு நெருங்கிய சிநேகிதரும்கூட. "திருப்பி எந்தக் கொக்கியில மாட்டுனீங்க?" என்று கேட்டார்கள். "ஞாபகம் இல்லைங்க" என்றார். எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டும் அதே பதில். கடைசியில் அப்போதைய மேனேஜர், அக்காவைப் பார்த்து, "என்னம்மா பண்றது, யானைக்கும் அடி சறுக்கும்" என்றாராம். யாரை யானை என்றார், யார் அடி சறுக்கியது என்று அவர் சொல்லவில்லை. தாலி அறுத்தவளிடம் பழமொழி பேசிய அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தன் புருஷன் கை தப்புச் செய்யாது. பிறகு யார் மாட்டியிருப்பது? ஞாபகம் இல்லை என்று சொல்கிறவன்தான். செய்யாதவன் இல்லை என்று சொல்லுவானே, ஞாபகம் இல்லை என்று எதற்குச் சொல்கிறான்?

புருஷன் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். பேக்கிங்கில் உட்காரச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். அந்தக் கரண்டியைத்தான் கேட்டாள். உலைக்காரரோடு ஒரே மேடை, ஒரே உலை. ஆனால் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் எப்படி வேலை நடக்கும்? நடந்தது. மின்சாரத்தை நிறுத்தவேண்டும் என்றால் கையில் கிடைத்த இரும்புத் துண்டால் தூணில் ஒரு தட்டு. நிறுத்தியாயிற்று என்பதற்கு அவர் ஒரு தட்டு. அதற்கும் மேலே ஏதாவது சொல்லவேண்டும் என்றால், அக்கா தூணைப் பார்த்து, "கசடு இன்னும் போகல, கண்ணு இருக்கிறவங்க பார்த்தா நல்லா இருக்கும்" என்பாள். அவரும் அதே தூணைப் பார்த்து, "பார்க்கறேன்னு சொல்லுங்க" என்பார். அந்தத் தூணுக்குக் கால் இருந்தால் என்றைக்கோ வேலையை விட்டு ஓடியிருக்கும். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு சலிப்பு. அதற்கும் பிறகு, சாயங்காலம் கேட்டில் நின்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும். மேடையில் வேறு யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் அவர் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். அவள் கரண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. டீ குடிக்கப் போனால்கூட அதை லேபுக்குள் கொண்டுவந்து என் மேஜைக்குப் பின்னால் சாத்திவிட்டுத்தான் போவாள். "இதென்னக்கா, சாமி வேலா?" என்று கேட்டால், "உனக்கென்னடி தெரியும், நீ காச மட்டும் பாரு" என்பாள். முக்குவது, காயவைப்பது, மாட்டுவது, எல்லாம் அவள் கைதான். மற்றவர்கள் கையைத்தான் அவள் நம்பவில்லை. தன் கை மாட்டிய கரண்டியை மறுபடி சூடு காட்டிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மகளையும் அப்படியே வளர்த்தாள். உங்கப்பா கை தப்பே செய்யாத கை, இன்னொருத்தன் செஞ்ச தப்பு அவரைக் கொண்டுபோச்சு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். இப்போது ஸ்கூட்டரில் அம்மாவைக் கூட்டிப்போக வரும் அந்தப் பெண், கேட்டில் உலைக்காரரைக் கண்டால் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொள்ளும்.

இந்தப் பழி இப்படியே சுடுகாடுவரை போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு மதியம் அது என் கண் முன்னால் வந்து நின்றது.

அன்று முதலில் வந்த காசில் பொட்டு வைத்தாற்போல ஓட்டை. தேய்த்தாலும் போகவில்லை. ஓட்டைக் காசை வைத்தால் மெஷின் தாறுமாறாகக் கணக்குச் சொல்லும். ஜன்னலைத் தட்டி, இன்னொன்று வேண்டும் என்று கையைக் காட்டினேன். ஓட்டை விழுந்தால் அக்காவுக்குக் கோபம் வரும். அன்றும் வந்தது. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கரண்டியை வாளியில் முக்கினாள், தட்டினாள், தோல் உரிந்தது. அந்த நேரம் கீழே இரும்புக்காகக் காத்திருந்த அச்சுக்காரர் ஒருவர், "இன்னுமா ஆகல?" என்று கத்தினார். அக்கா அவரைப் பார்த்துத் திரும்பி, "கொதிக்கிறதைக் கையில வாங்கிக்கிறியா, தரட்டுமா?" என்று பதிலுக்குக் கத்தினாள். கத்திக்கொண்டே கரண்டியை மாட்டினாள், உலைப் பக்கத்துக் கொக்கியில்.

நான் பார்த்தேன். பார்த்ததும் எனக்கு உறைக்கவில்லை. அவள் கை அல்லவா, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் அச்சைத் துடைத்துச் சரிசெய்தாள். தூணில் தட்டினாள். பதில் தட்டு வந்தது. கொக்கியிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு உலை வாயை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னலை இரண்டு கையாலும் அடித்தேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஆனால் கரண்டி விளிம்பிலிருந்து சொட்டிய ஒரு துளி சூடான தகட்டில் விழுந்து சுரீர் என்றதை உலைக்காரர் பார்த்துவிட்டார். கையிலிருந்த கசடுக் கம்பியைக் குறுக்கே வீசி அவள் கரண்டியைத் தட்டிவிட்டார். கரண்டி மேடையில் விழுந்து உருண்டது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் தகட்டில் கொட்டி, ஆவியாகி எழுந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள், அதுவும் ஒருமையில்.

"என் கரண்டியைத் தொட்டியா நீ? அன்னைக்கு அவரைக் கொன்ன. இன்னைக்கு என்னையும் கொல்லப் பார்த்தியா? என் பொண்ணு அநாதையா நிக்கணுமா?"

அவர் கம்பியைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். நான் தொடவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"அக்கா, வாயை மூடு" என்றேன். அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. "அவர் தொடல. நீதான் முக்குன, நீதான் அங்க மாட்டுன. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

"நானா? எனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் தூண் பக்கம்தான் மாட்டுனேன்."

"இல்லக்கா. அச்சுக்காரர்கிட்டக் கத்திக்கிட்டே இங்க மாட்டுன."

அவள் என்னைப் பார்த்தாள். தூண் பக்கத்துக் கொக்கியைப் பார்த்தாள். அதன் கீழே தரை காய்ந்து கிடந்தது. உலைப் பக்கத்துக் கொக்கிக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம், சூட்டில் பாதி உலர்ந்துவிட்டிருந்தது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அச்சுப் பெட்டி ஒன்றின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

உலையில் இரும்பு காத்திருந்தது. யார் செத்தாலும் பிழைத்தாலும் அது ரொம்ப நேரம் காத்திருக்காது, கெட்டுப்போகும். அக்கா எழுந்தாள். கரண்டியை உலை வாயில் காட்டினாள். வேண்டிய அளவுக்கும் மேலே காட்டினாள், முனை சிவக்கிறவரைக்கும். மொண்டாள், ஊற்றினாள், காசைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஓட்டை இல்லாத நல்ல காசு. கணக்கும் சரியாக இருந்தது. இரும்பை வார்த்தார்கள்.

வார்த்து முடிந்த பிறகு உலைக்காரர் கைகழுவும் தொட்டிக்குப் போனார். அக்கா பின்னாலேயே போனாள். மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்று நானும் போனேன்.

"அண்ணே" என்றாள்.

அவர் குழாயை மூடினார். ஆனால் திரும்பவில்லை.

"நான் மாட்டுனது எனக்கே தெரியலண்ணே. இப்பவும் ஞாபகம் வரல. தூண்ல மாட்டுனதுதான் கண்ணுல நிக்குது. அன்னைக்கு நீங்க மாட்டல. அவருதான் மாட்டியிருக்காரு."

"அப்படிச் சொல்லாதம்மா" என்றார் அவர் அவசரமாக. "எனக்கு நிஜமாவே தெரியாது. நானாவும் இருக்கலாம். எத்தனை தடவை நினைச்சுப் பார்த்திருக்கேன் தெரியுமா? சில நாள் நான் மாட்டுன மாதிரி இருக்கும், சில நாள் இல்லாத மாதிரி இருக்கும்."

"அப்ப இல்லைன்னே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இத்தனை வருஷம் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"நான் இல்லைன்னா அவன் மேல போகும். கவனமில்லாம செத்தான்னு எழுதுவாங்க. அவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான்ல. நான் உசுரோட இருக்கேன், என்மேல இருந்துட்டுப் போகட்டும்."

அக்கா அப்போதுதான் அழுதாள். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஃபவுண்டரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல், கழுவிய கையையே மறுபடி கழுவினார். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கும் கண்ணை மறைத்தது. எத்தனை வருஷம்! பக்கத்துப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் ஒரே மனுஷனுக்காகத்தான் வெந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் மகள் ஸ்கூட்டரோடு கேட்டில் நின்றாள். உலைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கம்போல அவள் முகத்தைத் திருப்பினாள். அக்கா அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள்.

"மாமாவுக்கு வணக்கம் சொல்லு."

மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல. அக்கா அங்கேயே, ஆட்கள் போய்வருகிற வழியிலேயே, மதியம் நடந்ததை முழுக்கச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கொக்கியைச் சொன்னாள், அவரை ஒருமையில் திட்டியதைச் சொன்னாள். கேட்கக் கேட்க மகளின் முகம் வெளிறியது. அம்மா செத்துப் பிழைத்தாள் என்பதைவிட அவளை உலுக்கியது வேறு ஒன்று. சின்ன வயதிலிருந்து அவளிடம் இருந்த அப்பா, அம்மா சொல்லிச் சொல்லிக் கொடுத்த அந்த அப்பா மட்டும்தான்.

"அப்ப, அப்பாவா தப்புப் பண்ணாரு?" என்றாள்.

"இருக்கலாம். யாருக்கும் தெரியாது."

"நீதானேம்மா சொன்ன, அவரு கை தப்பே பண்ணாதுன்னு?"

உலைக்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மகளின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"உங்கப்பா கையும் என் கை மாதிரி கைதான்டி" என்றாள்.