நத்தைக்கு நட்ட ஸ்ட்ராபெரி

நத்தையைத் தொட்ட கையை உடனே தண்ணீரில் கழுவக் கூடாது. கழுவினால் அந்தக் கொழகொழப்பு கூடுமே தவிரக் குறையாது. சாம்பலைக் கொட்டி உலர்வாகத் தேய்த்து உரித்தெடுக்க வேண்டும். இந்த ஞானம் வருவதற்குள் நான் ஒரு முழுச் சோப்பைக் கரைத்திருந்தேன். அதற்குப் பிறகும் இட்லியை ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.

இண்டூர்ப் பக்கம் எங்கள் வீட்டின் பின்னால், துவைக்கும் கல்லை ஒட்டி, எட்டடி நீளத்தில் ஒரு பாத்தி. என் மனைவி வருஷம் பூராவும் கீரை விதைக்கும் இடம் அது. ஓசூரில் ஒரு நர்சரியில் ஆசைப்பட்டுப் பத்து ஸ்ட்ராபெரி நாற்று வாங்கி வந்து, அந்தப் பாத்தியைக் கேட்டேன்.

“பொங்கல் வரைக்கும் வெச்சுக்கங்க,” என்றாள். “பொங்கலன்னிக்கு நல்லதா ஒரே ஒரு பழம் என் கையில குடுங்க, பாத்தி உங்களுது. இல்லன்னா கீரைதான். அப்புறம் செடி, மண்ணுன்னு பின்பக்கம் வரக்கூடாது.”

ஒரு பழம்தானே என்று ஒத்துக்கொண்டேன். முப்பது வருஷம் ஆபீஸில் கோப்பு புரட்டியவனுக்கு மண்ணைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு.

நட்ட வாரமே கோரை கிளம்பியது. பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும். கிழங்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு மூன்றாம் நாள் மறுபடி எட்டிப்பார்க்கும். மண்ணை மூடிவிட்டால் களை வராது என்று போன் வீடியோவில் ஒருவர் வைக்கோல் பரப்பிக் காட்டினார். எங்கள் எதிர்வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். புழு தின்று மீந்த மல்பெரி இலை, குச்சி, புழுக்கை எல்லாம் அவர்கள் குழியில் கிடந்தன. வைக்கோலுக்குப் பதில் இது போதாதா என்று கேட்டேன்.

“நல்ல எருதாண்ணா. ஆனா மக்கணும், ஆறு மாசமாவது ஆவும்,” என்றார் அந்த வீட்டு அம்மா.

நான் ஆறு நாள்கூடப் பொறுக்கவில்லை. நாலு கூடை அள்ளி வந்து பரப்பினேன். காற்றில் பறக்காமல் இருக்க, தடித்த குச்சிகளாகப் பார்த்து ஓரம் நெடுக ஊன்றி அணை கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மழை வரும் வரை.

மழை பெய்த மறுநாள் அந்தக் குவியல் சூடாகி வேர்த்தது. இலைக்கு நடுவே நாலைந்து செத்த புழுக்கள் கறுத்து, ஊதி, விரல் பட்டதும் பழுப்பு நீராக உடைந்தன. அந்த வாடை சட்டையில் ஏறியது, மீசையில் தங்கியது. என் மனைவி சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முடிந்திருந்தால் நானும் என்னை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பேன்.

அந்த ஈரத்துக்குத்தான் நத்தைகள் வந்தன. ஓடு இல்லாத வகை. தின்று துப்பிய வெற்றிலைச் சக்கைபோல இருக்கும். ஒரு காய் சிவக்க ஆரம்பித்தால் போதும், விடிவதற்குள் குடைந்துவிட்டு, வந்த வழியெல்லாம் சளிக்கோடு இழுத்துவிட்டுப் போகும். மருந்தடிக்கப் போனேன். வாசலிலேயே எதிர்வீட்டு அம்மா பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, அந்த டப்பாவத் திறந்துடாதீங்க. காத்து எங்க வூட்டுப் பக்கம்தான் அடிக்குது. இலையில துளி பட்டாலும் புழு அத்தனையும் போயிடும். கூடு கட்டற நேரம்ங்க.”

டப்பா மூடியபடியே கடைக்குத் திரும்பியது. பிறகு உப்பு போட்டேன். நத்தை நுரை கக்கிக் கரைந்ததை இதற்கு மேல் எழுதினால் எனக்கே குமட்டும். கூடவே ஆறு செடி கருகியது.

“ஊறுகாயா போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு மனைவி துணி துவைக்கப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் பால் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஒருநாள் கவரில் ஓட்டை இருந்தது. அது தெரியவந்தது எப்படி என்று கேட்காதீர்கள்.

மார்கழியில் பாத்தி ஓரம் பளபளவென்று தளிர் விட்டிருந்தது. ஓடிப்போய் மனைவியைக் கூட்டி வந்தேன். அவள் குனிந்து ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

“ஏங்க, இது மல்பெரிங்க. குச்சிய ஊனி வெச்சா வேற என்ன வரும்? ஊரே இப்படித்தான் மல்பெரி நடுது.”

களையை ஒழிக்க நானே களை நட்டிருக்கிறேன். பிடுங்கிப் பார்த்தேன், கோரையே தேவலை என்றிருந்தது.

பொங்கலுக்கு மிஞ்சியது ஒரு காய். அதன்மேல் டீ வடிகட்டியைக் கவிழ்த்து, கல் வைத்து, கம்பி வழியாக அது சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. பொங்கலன்று காலை மனைவி குளித்து, ஈரத்தலையில் துண்டோடு வந்து நின்றாள். எதிர்வீட்டு அம்மாவும் வேடிக்கை பார்க்க வந்தார். கல்லை எடுத்தேன், வடிகட்டியை எடுத்தேன், பழத்தைக் கிள்ளித் திருப்பினேன்.

அடிப்பக்கம் பள்ளம். பள்ளத்துக்குள் நத்தை, தின்ற களைப்பில். வடிகட்டியை நான் மேலே கவிழ்த்தபோது அது கீழே மண்ணில் இருந்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் தொந்தரவு செய்யாமல் வாரக்கணக்கில் காவல் காத்துக் கொடுத்திருக்கிறேன்.

“குடுங்க,” என்று மனைவி கையை நீட்டினாள்.

கொடுக்க மனம் வரவில்லை. நத்தையை உதறி, கடித்த பக்கத்தை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் மீதியை வாயில் போட்டேன்.

“எப்படிங்க இருக்கு?”

“இனிப்பு.”

புளிப்பு. புளிப்புக்குப் பின்னால் அந்தக் கொழகொழப்பு. அன்று சர்க்கரைப் பொங்கலிலும் அதுதான் இருந்தது, மதியம் குடித்த காபியிலும் அதுதான் இருந்தது. நாக்கில் சாம்பல் தேய்க்க முடியாது.

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கு ஊரே மாடு கழுவிக்கொண்டிருக்க, மனைவி பாத்தியைக் கொத்தி, முளைக்கீரை விதை தூவினாள். மல்பெரிக் கன்றுகளை எதிர்வீட்டு அம்மா வேரோடு தோண்டிக்கொண்டு போனார். நல்லா வந்திருக்கு என்றார். நான் நட்டதில் அப்படி ஒருவர் சொன்னது அது மட்டும்தான். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பின்பக்கம் போகக்கூடாதே.

தை மாதக் கடைசியில் தட்டில் கீரை வந்தது. ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன்.

“கையால சாப்பிடுங்க,” என்றாள்.