சாவுக்கு மறுநாள் ஓடுன மோட்டாரு

அத்த ஏன் கேக்குற தேவகி, இங்க சாவு வூட்டுக்கு வர்றவங்க பூ குடுத்துட்டு, காபிய குடிச்சிட்டு, மெதுவா கதவ சாத்திக்கினு போயிடுறாங்க. ஒருத்தரு வாய்வுட்டு அழுவல. கோட்டு போட்ட ஒரு பெரியவரு என் கைய புடிச்சிக்கினு என்னென்னமோ சொன்னாரு. நானு, "சாப்ட்டு போ நைனா"ன்னேன். இன்னா புரிஞ்சிச்சோ, தலைய குனிஞ்சிக்கினு கெளம்பிட்டாரு.

எம்பொண்ணு கஸ்தூரி நார்வேல புரொபசருன்னுதான உனக்குத் தெரியும்? இன்னாத்த சொல்லிக் குடுத்தா தெரியுமா? மீனு எப்டி மூச்சு வுடுது, ரத்தத்துல உப்பு ஏறுனா இன்னா ஆவும், அதான் அவ படிப்பு! எல்லாம் நம்ம காசிமேட்டுல ஆரம்பிச்சதுதான். புது மீனுன்னு காட்டறதுக்கு நானு செவுள தூக்குவேன். பக்கத்துல குந்திக்கினு, "ஏம்மா சேப்பா கீது?"ன்னா. "மூடிக்கினு கூடைய புடி"ன்னேன். வுட்டாளா? எண்ணூர் முகத்துவாரத்துலேந்து மடவைக்குஞ்சு புடிச்சாந்து, பக்கெட்டுல வுட்டு, மூச்ச எண்ணுவா. எனக்கு குளிக்க பக்கெட்டு இருக்காது! அப்டியே காலேஜு, டாக்டர் பட்டம், இந்தப் பனி ஊரு. வெள்ளக்கார புள்ளைங்க அவள பேர் சொல்லித்தான் கூப்டுவாங்க, எனக்கு பத்திக்கினு வரும்.

நெஞ்சு வலின்னா, போயிட்டா. மறுநாளு அவ லேபுக்கு கூட்டினு போனாங்க. லைட்டு எரியுது, மோட்டாரு ஓடுது, மீனு வுட்ட கண்ணாடித் தொட்டில தண்ணி கொப்புளிக்குது. நம்ம குப்பத்துல ஒரு சாவுன்னா கடல்ல போட்டு எறங்குமா? எஞ்சின் சத்தம் கேக்குமா? மரியாத கெட்ட ஜனம்னு மோட்டாரு சுச்ச அமுக்கி நிறுத்திட்டேன். அவகிட்ட படிக்கிற எலினா நானு அமுக்குனத பாக்கல. நானு ஒடம்பு நடுங்கி நின்னதுல குளிருதுன்னு நெனச்சி கம்பளி போத்தினா. அப்பால பாத்தா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. ஓடிப்போயி சுச்ச போட்டா. ஒரு வார்த்த திட்டல தேவகி. என் மடில தலைய வச்சி ஓன்னு அழுதா. இந்த ஊருல அழுவ சத்தம் கேட்டது அன்னிக்குத்தான்.

முப்பது வருசம் முன்னாடி ஊர வுட்டு போனவளுக்கு நம்ம கரைல போட்டு எறக்கலன்னியே, அது போதும் எனக்கு. "எப்பதான் வருவ?"ன்னு கேக்காத. கஸ்தூரி பெத்த என் பேத்தி ரெண்டு வாட்டி என் டிக்கெட்ட மாத்திட்டா. உன் பக்கத்துல எங்கூடைக்கு எடம் வையி, வேற யாரயும் குந்த வுடாத. வர்றேன்... வராம? காலைல தீனி போடற வேலைய எலினா எனக்கு குடுத்துகீறா. மீனு அறுத்த கைதான், ஆனா இந்தக் கைய பாத்தா கூட்டமா வருதுங்கடி. ஐயோ, மணியாச்சு, பசியோட கெடக்குங்க. போன வையி.