ஏழூர்க் கண்மாயை உடைத்துப் பார்த்தவர்கள்

இன்னும் கட்டி முடிக்காத வீட்டில் குடியேறி, கூரை எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எழுதித் தருவதுதான் ஆல்பா டெஸ்டரின் வேலை. நனைவது அவன் பாடு. இதில் எப்போதாவது மாட்டியவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். மாட்டாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வல்லத்திராக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். மனைவி இறந்த பிறகு பொழுது நிறைய மிஞ்சியது. அதைக் கொண்டு கம்ப்யூட்டரை நானாகவே கற்றுக்கொண்டேன். புதுக்கோட்டை டவுனில் ஒரு மாடியறையில் யுபிஎஸ் பழுது என்று கூப்பிட்டார்கள். அங்கே ஸ்டெல்லா என்ற பெண்ணும் பிரபு என்ற பையனும் 'ஏழூர்க் கண்மாய்' என்று ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ஏழு ஊர்க்காரர்கள் ஒரே கண்மாய்த் தண்ணீரில் பயிர் வைப்பார்கள். தண்ணீர் வற்றியதும் எல்லோருமாக இறங்கி மீன் பிடிப்பார்கள். ஆடுகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து போனிலோ கம்ப்யூட்டரிலோ சேர்ந்துகொள்ளலாம். பேட்டரி சார்ஜ் ஏறும்வரை சும்மா இருப்பானேன் என்று என்னையும் ஆடிப் பார்த்துக் குறை சொல்லச் சொன்னார்கள். இரண்டு வருஷம் ஆடினேன்.

ஸ்டெல்லா ஆவூர்ப் பக்கம். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். விளையாட்டுக்கான பணம், இணையத்தில் விளம்பரம் பார்த்து வெளிநாட்டிலும் உள்ளூரிலும் இருந்த ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஐம்பது பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆட வேண்டும், நடுவில் நின்றுவிடக் கூடாது. நின்றால் கடையைச் சாத்திவிட்டு ஸ்டெல்லா பெங்களூருக்கே பஸ் ஏற வேண்டியதுதான்.

முதல் அறிக்கை

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் என் உருவம் கழுத்துவரை தரைக்குள் போய்விட்டது. தலை மட்டும் வரப்பின் மேல் தெரிந்தது. கோழி ஒன்று என் நெற்றி வழியாக நடந்து போனது. குறையை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த முறையில் எழுதினேன்: "கழுத்தளவு மண்ணுக்குள் இருக்கிறேன். கைகால் தெரியவில்லை. மற்றபடி நலம்."

பிரபு அதை வாங்கி இரண்டு தரம் படித்தான். "அங்கிள், இது பக் ரிப்போர்ட்டா, ஊருக்குப் போடுற லெட்டரா?"

ஒரு வார்த்தை

பொன்னமராவதியில் பெயிண்டுக் கடை வைத்திருந்த பழனியப்பனும் எங்களில் ஒரு டெஸ்டர். அவர் அனுப்பும் அறிக்கை எப்போதும் ஒரே வார்த்தைதான்: "சரியில்லை." கதவு திறக்காவிட்டாலும் அதுதான், மாடு வானத்தில் மேய்ந்தாலும் அதுதான். பொறுத்துப் பார்த்த பிரபு ஒரு நாள் போன் போட்டு, என்ன சரியில்லை என்று எழுதினால்தானே திருத்த முடியும் என்றான்.

பழனியப்பன் அசரவில்லை. "என்ன சரியில்லன்னு தெரிஞ்சா நானே சரி பண்ணியிருக்க மாட்டேனா தம்பி?"

வீட்டில் இன்னொருவர்

விளையாட்டில் வீட்டுக்கு இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் ராஜேஸ்வரி என்று எழுதினேன். ஒவ்வொரு புதுப் பதிப்பு போடும்போதும் பழையதெல்லாம் அழிந்துவிடும்; திங்கட்கிழமைதோறும் அந்தப் பெயரைத் திரும்ப எழுதுவேன். இரண்டாவது ஆளுக்கு உருவம் மட்டும் இன்னும் செய்திருக்கவில்லை. வாசல் பலகையில் பெயர் இருக்கும், ஆள் வராது.

திருவரங்குளத்திலிருந்து ஆடிய வள்ளி எனக்குப் பக்கத்து வயல். என் சங்கதி எதுவும் அவருக்குத் தெரியாது. களத்தில் இருந்தபடி ஒரு நாள் கேட்டு எழுதினார்: "வீட்டுல அக்காவ வெளியவே காணோமே, ஒடம்புக்கு முடியலயா?" அந்தப் பகுதி இன்னும் வேலை செய்யவில்லை என்று எழுதினேன்.

"சரிங்க, நல்லானதும் சொல்லுங்க, ஒரு நடை வந்து பாக்குறேன்."

கிளம்பும் வார்த்தை

இது பெரிய சிக்கல். ஆட்கள் எழுதும் சில தமிழ் வார்த்தைகளுக்கு விளையாட்டு கட்டுப்படும்படி பிரபு செய்திருந்தான். 'வாரேன்' என்று எழுதினால் உங்கள் உருவம் நீங்கள் பேசிக்கொண்டிருப்பவரிடம் நடந்து போய் நிற்கும். 'போறேன்' என்று எழுதினால்தான் மறையும். நீங்களும் வெளியே வந்துவிடலாம். சென்னையில் வளர்ந்த பையன், அகராதியில் இருக்கிறபடி செய்துவிட்டான்.

மாலையானால் விளையாட்டு ஊர்ந்தது. ஆடுகிறவர்கள் ஏழு பேர் என்றால் உள்ளே நாற்பது உருவம் இருந்தது. காரணம் தெரியாமல் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். நாலாம் நாள் பழனியப்பன் எனக்குப் போன் செய்தார். அவருடைய வயல் பாதையோரம்; கிளம்புகிறவர்கள் எல்லோரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "அண்ணே, ஊரே வந்து என் வயல்ல நிக்கிது. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அதை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவளுக்கும் பிடிபடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் அங்கிள்" என்று படி இறங்கினாள். மூன்றாவது படியில் நின்றாள். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப இந்த ஜில்லாவுல ஒருத்தரும் போறதே இல்லையா அங்கிள்?"

கரையில் ஐம்பத்திரண்டு பேர்

நிபந்தனை நாள் வந்தது. ஐம்பது பேரும் சேர்ந்து செய்கிற காரியம் என்றால் மீன்பிடித் திருவிழாதான். அதில்தான் பயமும் இருந்தது. எங்களுக்குள் ஆடிப் பார்த்தபோதெல்லாம் முப்பது உருவம் ஒன்றாகக் கண்மாயில் இறங்கிய உடனே விளையாட்டு உறைந்துவிடும். பாரத்தைக் குறைக்க முந்தின நாள் பிரபு வெட்டாத இடமில்லை. கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசித் தொடங்கிவைக்கும் ஊர்ப் பெரியவரையும் எடுத்துவிட்டான். அதற்குக் காரணம் நான். துண்டு அவர் முகத்துக்குள் புகுந்து மாட்டிக்கொள்கிறது என்று நாலு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். அவருக்குப் பதிலாகத் திரையில் 'தொடங்கலாம்' என்று பெரிய எழுத்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐம்பத்திரண்டு பேர் கரையில் நின்றார்கள். வலை, ஊத்தாக் கூடை எல்லாம் கையில் இருந்தது. 'தொடங்கலாம்' வந்தது. ஒருவரும் அசையவில்லை. "போச்சு, உறைஞ்சிருச்சு" என்று பிரபு தலையில் கை வைத்தான். ஸ்டெல்லா திரையையே பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் திரையின் ஓரத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வள்ளி எழுதினார்: "இன்னும் துண்டு வீசலயே." அதற்குக் கீழே இன்னொருவர்: "பெரியவர் வரட்டும், என்ன அவசரம்." சென்னையிலிருந்து ஆடிய ஒருவர் மட்டும் தண்ணீரில் கால் வைத்தார். பழனியப்பன் பாய்ந்தார்: "யாருப்பா அங்கிட்டு? மொதல்ல மேல ஏறு!" அவரும் ஏறிவிட்டார். பிறகு நின்றபடியே நீங்க எந்த ஊரு, உங்க பக்கம் மழை உண்டா, குவைத்தில் இப்ப மணி என்ன என்று பேச ஆரம்பித்தார்கள். பதினொரு மணி ஆனது. விளையாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"ஒரு மணி நேரம் முடிஞ்சிருச்சுக்கா. பேசாம இருங்க" என்றான் பிரபு. ஸ்டெல்லா கேட்கவில்லை; விசைப்பலகையை இழுத்தாள். பணம் போட்டவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். துண்டு வீசும் ஆளை நாங்கள்தான் எடுத்துவிட்டோம், அதனால் யாரும் இறங்கவில்லை, இறங்கியிருந்தால் நின்றுபோயிருக்கும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று. முதன்முதலில் பணம் போட்ட குவைத் டிரைவர்தான் முதலில் எழுதினார். அவருக்குக் கீழே மற்றவர்களும் ஒவ்வொருவராக, இன்னும் ஆறு மாதம் தரலாம் என்று எழுதினார்கள். அவர் எழுதியதை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

"துண்டு வீசாம எறங்கியிருந்தாத்தான் நான் பணத்தத் திருப்பிக் கேட்டிருப்பேன் தங்கச்சி, மொதல்ல அந்தப் பெரியவரக் கூட்டிட்டு வாங்க."

இரண்டு வருஷத்தில் நாங்கள் நடத்திய அத்தனை சோதனைகளிலும் எதுவும் உடையாமல் முடிந்தது, யாருமே விளையாடாத அந்த ஒன்றுதான்.