கூடத்துப் பூக்கல்

பாலக்கரையில் தோல் வியாபாரம் செய்துவந்த கியாசுதீன் ராவுத்தர், 1936இல் தன் வீட்டுக் கூடத்துக்குப் பூப்போட்ட கல் பதித்தார். தரையில் பச்சையும் சிவப்புமாய்ப் பூ. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளைப் பீங்கான் கல். "வழுக்குமேங்க" என்று மனைவி வஹீதா அப்போதே சொன்னாள். "வர்றவன்லாம் அசந்து போவான், நீ சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

பதினோரு வருஷமாகப் பிள்ளையில்லாதவர்கள். அடுத்த ஐப்பசியில் வஹீதாவுக்கு ஏழு மாதம். சாரல் அடித்து ஈரமாயிருந்த கூடத்தில், அவருக்கு டீ கொண்டுவந்தவள் வழுக்கி விழுந்தாள். அன்று மாலையே பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை.

நாற்பது நாள் கழிந்தும் வஹீதா கூடத்தில் கால் வைக்கவில்லை. கொல்லைப் பக்கமாகச் சுற்றித்தான் அடுப்படிக்குப் போனாள். ஒருநாள், "அந்தத் தரையைப் பார்க்க முடியலைங்க" என்றாள். விழுந்த பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கல் பதித்த கொத்தனார் அம்மாசியையே வரவழைத்தார்.

"மேலாப்ல சொரசொரப்பா கொத்திவிட்டாப் போதுமே, மொதலாளி. பேத்தா ஒண்ணுகூட முழுசாத் தேறாது."

"தேற வேணாம்பா. எல்லாத்தையும் எடு."

சுண்ணாம்புச் சாந்து கல்லோடு கல்லாய் இறுகியிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாமல் கியாசுதீனும் கடப்பாறையைப் பிடித்தார். இரண்டாம் நாளே உள்ளங்கை கிழிந்தது. வஹீதா விழுந்த இடம் வந்ததும் அம்மாசி உளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். அந்த ஒன்பது கல்லையும் அவர்தான் உடைத்தார். பிறகு சுவர். ஐந்தாம் நாள் மூன்று வண்டி உடைசலை ஏற்றி அனுப்பினார்கள்.

"வஹீதா, வந்து பாரு. இப்ப ஒண்ணுமே இல்லை."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, குண்டும் குழியுமாய்க் கிடந்த தரையை வெகுநேரம் பார்த்தாள்.

"கல்லை எடுத்துட்டீங்க. எந்த இடம்னு எனக்குத் தெரியுதேங்க."

அந்த வாரமே முசிறியில் இருந்த தம்பி நஜிமுதீன் வீட்டுக்குப் போய்விட்டாள். கியாசுதீன் மூன்று தடவை போய்க் கூப்பிட்டார். மூன்றாம் தடவை நஜிமுதீன் தெருமுனை வரை கூடவே வந்தான்.

"இனிமே வராதீங்க மச்சான். நீங்க வந்துட்டுப் போனா அக்கா ரெண்டு நாள் சாப்பிடறதே இல்லை."

சிமெண்டாவது பூசிவிடுகிறேன் என்று அம்மாசி இரண்டு முறை வந்து கேட்டான். கியாசுதீன் வீட்டைப் பூட்டிவிட்டு, கடைசிவரை தோல் மண்டியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.