டேப்புக்கு எட்டாத தொடை

பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்ததில் என் வலது தொடை வற்றிப்போயிருந்தது. நான் கட்டிங் மாஸ்டர். அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நாள் முழுக்க மேஜையருகே நின்று துணி வெட்டுகிறவன். நிற்க முடியாத கட்டிங் மாஸ்டரை எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் ஆஸ்பத்திரியில் தொடையை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்கேனையெல்லாம் நான் மதிக்கவில்லை. அளவெடுத்தே பிழைக்கிறவனுக்கு இஞ்ச் டேப் போதாதா? தினமும் காலையில் தொடையைச் சுற்றி டேப்பை இழுத்துப் பார்ப்பேன். ஒரு நூல்கூட ஏறவில்லை. வாரக்கணக்கில் அதே அளவு. எரிச்சல் தலைக்கேறிப் பயிற்சியையே நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க, இன்னைக்கும் பண்ணலீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"பண்ணி என்னத்தக் கண்டேன்? நீ உன்ற சோலியப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் மறுபடி வரச் சொல்லியிருந்த நாளில் அவள் என்னை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

ஸ்கேன் அறையில் இருந்த பெண் தொடையில் ஜில்லென்று ஜெல் தடவினார். கருவி பட்டதும் நான் தொடையை விறைத்துக்கொண்டேன், வீம்புக்குத்தான்.

"லூசா வுடுங்ணா. முறுக்குனா அளவு தப்பாயிருமுங்க" என்றார்.

பிறகு பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் அடுத்தடுத்து வைத்தார். "மேல இருக்கற பட்டை கொழுப்புங்க. கீழ இருக்கறது சதை. காலு சும்மா கெடந்தப்பக் கொழுப்பு சேந்திருந்துச்சு. இப்ப அது கொறஞ்சு, சதை ஏறியிருக்குது பாருங்க."

"டேப்புல ஒண்ணுமே ஏறலீங்களே?"

"ஒண்ணு கொறஞ்ச எடத்துல இன்னொண்ணு வந்திருக்குதுங்ணா. சுத்தளவுல எப்படித் தெரியும்? பயிற்சிய மட்டும் வுட்றாதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை நாலு வார்த்தை கேட்க அவளுக்கு நல்ல சந்தர்ப்பம். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவிலேயே காலை நீட்டி மடக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த இடுக்கில் பாதம் டிரைவர் சீட்டில் போய் இடித்தது. இரண்டாவது முறை இடித்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, சீட்டப் போட்டு ஒதைக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒதைக்கட்டும் வுடுங்ணா. அவருக்குக் காலு வந்துருச்சு."